ரேடியேட்டரில் ஒரு மிளகாய் விதை

அத்தியாயம் 5

“நக்கிப் பாரு அழகேசா,” என்றார் பஞ்சவர்ணம் அக்கா.

நீட்டிய விரல் நுனியில் வெள்ளையாகப் பொருக்கு ஒட்டியிருந்தது. ஓட்டை விழுந்த கார் ரேடியேட்டர் ஒன்றின் மூடியிலிருந்து அப்போதுதான் சுரண்டி எடுத்திருந்தார்.

“ஏங்க்கா, நான் போயிட்டா அடுத்த அசிஸ்டென்ட் ரெடியா இருக்கானா?” என்றேன்.

“கெடைச்சா உன்னை ஏன் வெச்சிருக்கப் போறேன்?”

“அக்கா, வேணாம்! கூலன்ட் கலந்தது, விஷம்,” என்று குறுக்கே கையை நீட்டினான் அஸ்ஃபாக். விரலைத் துடைத்துக்கொள்ள ஒரு சுத்தமான துணியும் எடுத்துக் கொடுத்தான்.

“பாரு, எவ்வளவு பொறுப்பான புள்ள!” அக்கா பூரித்துப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக இவரை டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஊர் ஊராக ஓட்டுகிறேன். ஒரு நாள், ஒரு வார்த்தை? பொறாமை விஷயத்தில் நான் தேர்ந்த கை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் பக்கத்து டேபிள்காரனுக்கு என்னுடையதைவிட முறுகலாகத் தோசை வந்தால், அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பிட்டது செரிக்காது.

பஞ்சவர்ணம் அக்கா யார் என்று பெரம்பலூரில் பெண்ணைப் பெற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். வருகிற கேஸ் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சிங்கப்பூரில் நிஜமாகவே வேலை பார்க்கிறானா, தலையில் இருப்பது சொந்த முடிதானா. இன்றைக்கு மாறுதலாக ஒரு ரேடியேட்டர் வந்திருந்தது. விசாரிக்கச் சொன்னவன் அதை மாட்டிய மெக்கானிக் அஸ்ஃபாக். லப்பைக்குடிகாட்டுக்காரன், துபாயில் பழைய கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, துறையூர் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டிருந்தான். அந்தக் கடையில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

“அழகேசனுக்கு இன்னொரு தடவை சொல்லு தம்பி. அவனுக்கு எதுவும் ரெண்டு வாட்டி சொன்னாத்தான் ஏறும்,” என்றார் அக்கா.

“அரியலூர் வைத்திலிங்கம் அண்ணனோட கார்ணே. முந்திரி வியாபாரம் பண்றாரே, அவரு. அறுபத்தேழாம் வருஷத்து ட்ரையம்ஃப், இங்கிலாந்து கார். ரெண்டே சீட்டு. அதுல பழைய பித்தளை ரேடியேட்டர்தான் இருந்துச்சு. கொஞ்ச தூரம் போனாலே கொதிச்சிடும். புதுசா அலுமினியத்துல வரவழைச்சோம். கார் செஞ்ச கம்பெனியோடது இல்ல, வெளியில செய்யறது. அதனால நேரா போய் உட்காராது. பிராக்கெட் ஒரு விரக்கடை தள்ளி நின்னுச்சு. ஓஸ் மாட்டற வாய் வேற பக்கம் திரும்பியிருந்துச்சு. கார் தகட்டுல ஒரு ஓட்டை கூடப் போடாம, நானே பிராக்கெட் அடிச்சு, ரப்பர் வெச்சு, பூ மாதிரி உட்கார வெச்சேன். அண்ணன் ஏற்காடு, பாண்டிச்சேரின்னு பறந்தாரு. கொஞ்ச நாள்தான். பொத்தல் பொத்தலா ஓட்டை. பீஸ்ல கோளாறோன்னு இன்னொண்ணு மாத்துனேன். அதுவும் இதோ, இந்தக் கதி.”

“அவர் என்ன சொல்றாரு?”

“நான் மட்டமான சாமானை மாட்டி ஏமாத்திட்டேங்குறாரு. பழைய கார் வெச்சிருக்கவங்க குரூப்புல என் கடை போர்டைக் காட்டி வீடியோ போட்டுட்டாரு. வேலைக்கு விட்டிருந்த ரெண்டு பேரு நேத்தே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. வல்லாஹி, அல்லா மேல ஆணையா நான் தப்பு பண்ணலண்ணே.” அவன் குரல் இறங்கியது. “பேரு போச்சுன்னா மறுபடி துபாய்தான். போன தடவை வந்தப்ப என் மவ மர்வாவுக்கு மூணு வயசு. பெத்த அப்பனை ‘அத்தா’ன்னு கூப்பிடாம, ‘மாமா’ன்னுச்சு. இனிமே போவ மாட்டேன்னு அதுகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்.”

அதற்கு மேல் கிண்டல் பண்ண எனக்கே மனசு வரவில்லை.

ரேடியேட்டரிலிருந்து வடித்த தண்ணீரை அவன் பக்கெட்டில் பிடித்து வைத்திருந்தான். அதில் கொஞ்சம் எடுத்துத் தகரத் துண்டில் ஊற்றி, அடியில் கேஸ் பர்னரைக் காட்டச் சொன்னார் அக்கா. தண்ணீர் சுண்டி வெள்ளையாகப் படிந்தது. அப்புறம் படபடவென்று வெடித்தது.

“இந்தச் சத்தத்தை எங்க கேட்டிருக்க?”

“எங்க வூட்லதான். அம்மா எனக்குச் சுத்திப் போட்டு அடுப்புல கொட்டறப்ப.”

“உனக்கு யாருடா கண்ணு போட்டா?”

“அம்மாவுக்கு நான் அழகுதாங்க்கா.”

“உப்பா!” அஸ்ஃபாக் தலையில் கை வைத்தான். “அலுமினியத்துக்கு உப்புதாங்க்கா எமன். யாரோ வேணும்னே போட்டிருக்காங்க!”

அக்கா பதில் சொல்லாமல் மூடியைக் கவிழ்த்து, உள்பக்க ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினார். வளையத்துக்கு அடியில் வட்டமாக, தட்டையாக, மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. மிளகாய் விதை.

“கெடுக்கணும்னு வர்றவன் உப்பை மட்டும் கொட்டிட்டு ஓடுவான். மிளகாயை ஏன் கொண்டு வரான்?” என்றார் அக்கா. “கல் உப்பும் காஞ்ச மிளகாயும் ஒரே கையில எப்ப இருக்கும்?”

“திருஷ்டி சுத்தறப்ப!”

“மிளகாய் அடுப்புக்குப் போயிருக்கு. உப்பு ரேடியேட்டருக்கு வந்திருக்கு. கூடவே ஒரு விதையும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வண்டியை எடு.”

அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே என் முடிவை நான் சொல்லிவிட்டேன். “பங்காளி ஒருத்தன் இருப்பாங்க்கா. இந்த மாதிரி கேஸ்ல பங்காளி இல்லாம இருக்கவே மாட்டான்.”

“இருப்பான். ஆனா பங்காளியா இருந்தா பெயின்ட்டைக் கீறுவான். சீட்டைக் கிழிப்பான். பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியணும் அவனுக்கு. இவங்க கைய வெச்ச இடம் ரேடியேட்டர். அதை ரெண்டு தடவை கெடுத்திருக்காங்க. வேற ஒண்ணையும் தொடல. அது ஏன்னு யோசி.”

யோசித்தேன். கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம்.

வைத்திலிங்கத்தின் வீடு அரியலூரைத் தாண்டி ஜெயங்கொண்டம் ரோட்டில், முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. கேட்டுக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப். போர்டிகோவில் அந்தக் கார் நின்றது. கரும்பச்சை நிறம், வட்ட விளக்கு, கூரை கிடையாது. முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி திறந்திருந்தது, ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்படி இருந்தும் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடிவயிற்றில் தீ. கார் மேல் பொறாமை. வீட்டு மேல் பொறாமை. பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் தொப்பையோடு சாய்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்த ஆள் மேலும் பொறாமை.

அந்த ஆள்தான் பங்காளி. பெயர் இளையபெருமாள், வைத்திலிங்கத்தின் சித்தப்பா மகன். ரேடியேட்டரை யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்று நான் மெல்ல ஆரம்பித்ததுமே ஒத்துக்கொண்டான்.

“ஆமாங்க, எனக்குப் பொறாமைதான். ராத்திரி கண்ணை மூடினா இந்தக் கார்தான் வருது. எப்படியாவது இவன்கிட்டருந்து வாங்கிடணும்னு தெனம் வந்து உட்கார்ந்திருக்கேன். நாம வாங்கப்போற மாட்டுக்கு நாமளே வெஷம் வெப்போமா?”

இவ்வளவு தைரியமாகப் பொறாமைப்பட என்னால் முடியவில்லையே என்று அதற்கும் எரிந்தது.

வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ரேடியேட்டரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்திறங்கிய அஸ்ஃபாக்கைப் பார்த்ததும் முகம் திரும்பியது.

“இவனுக்குப் பரிந்து பேசத்தான் வந்தீங்களாம்மா? ரெண்டு ரேடியேட்டர் போட்டான், ரெண்டும் ஓட்டை. இதுல பேச என்ன இருக்கு?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். காருக்குக் கண்ணு பட்டிருக்குமோ?” என்றார் அக்கா பயபக்தியோடு.

அவர் உடனே இளகிவிட்டார். “அதெல்லாம் நான் உஷாருங்க. ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் உப்பு மிளகாய் சுத்திப் போடச் சொல்லிடுவேன்.”

“உங்களுக்கும் சேத்தா?”

“எனக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்கேன். காருக்குத்தான்.”

“வூட்டம்மாவுக்கு?”

கேள்வி அவருக்குப் புரியவில்லை. “அவதானங்க சுத்திப் போடறவளே?”

அந்த நேரத்தில் அவர் மனைவி சிந்தாமணி தட்டில் மோர் கொண்டுவந்தார். எல்லோரும் காரைப் பார்த்தபடியே கையை நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டோம். அவர் உள்ளே போய்விட்டார்.

“அழகேசா,” என்று காதோரம் குனிந்தார் அக்கா. “இந்த வூட்ல யாரைப் பாத்தா உனக்கு எரியல?”

யோசித்துப் பார்த்தேன். வைத்திலிங்கம், எரிந்தது. இளையபெருமாள், எரிந்தது. வாசலில் படுத்திருந்த நாய்கூட வேளைக்குச் சோறு தின்று கொழுத்திருந்தது. “மோர் கொண்டாந்தாங்களே, அவங்க ஒருத்தரைப் பாத்துதாங்க்கா ஒண்ணும் தோணல.”

“அப்ப அங்கதான் போகணும்,” என்று அக்கா அடுப்படிப் பக்கம் நடந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வயிற்றெரிச்சலை வைத்துத் துப்புத் துலக்குகிறார், ஒரு நன்றி கிடையாது!

அடுப்படியில் சிந்தாமணி புளி கரைத்துக்கொண்டிருந்தார். எவர்சில்வர் பாத்திரத்தில். அக்கா கதவில் சாய்ந்துகொண்டு, அடுத்த வீட்டுக்காரி மாதிரி பேச ஆரம்பித்தார்.

“மோர் நல்லாருந்துச்சும்மா. எனக்கு இந்த சமையல் சூட்சுமம் எதுவும் வர்றதில்ல. போன வாரம் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன். உப்பை நெறையப் போட்டு, அலுமினியக் குண்டான்ல ஊற வெச்சிருக்கேன்.”

“ஐயய்யோ, அலுமினியத்துலயா!” சிந்தாமணி கையை உதறிக்கொண்டு திரும்பினார். “மொதல்ல அதைக் கவுத்துக் கொட்டுங்க. உப்பு அரிச்சு ஓட்டை போட்டுடும்.”

“அப்படியா? அவ்வளவு சீக்கிரமாவா?”

“இப்ப மேலுக்குத் தெரியாதுங்க. உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். தகடு மெல்லிசா இருந்தா சீக்கிரம். சூடு ஏற ஏற இன்னும் சீக்கிரம்.”

“ஊறுகாய்க் குண்டானுக்குச் சூடு எப்படிம்மா ஏறும்?”

சிந்தாமணியின் முகம் வெளுத்துப் போனது. நான் அக்காவைப் பார்த்தேன். அடிப்பாவி, ஊறுகாய் போட்டதே கிடையாது! தயிர் சாதத்துக்குச் சிப்ஸ் தொட்டுக்கொள்கிற ஆள்.

“மிளகாய் விதை மூடியில ஒட்டியிருந்துச்சும்மா,” என்றார் அக்கா மெதுவாக.

சிந்தாமணி முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பழசு கொதிச்சுக்கிட்டிருந்தப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு. ஜெயங்கொண்டத்தைத் தாண்ட முடியாது, திரும்பி வந்துடுவாரு. சாயங்காலம் காபியைக் குடிச்சிக்கிட்டு பேசிக்கிட்டிருப்பாரு. பேச்சு பூரா காரைப் பத்திதான். இருந்தா என்ன, எங்கிட்டதான பேசுனாரு? இந்த அலுமினியம் வந்துச்சு, ஆளு வூடு தங்கறதில்ல. ரெண்டு சீட்டு. ஒண்ணுல அவரு. இன்னொண்ணுல கார் கிளப்பு ஆளு எவனாவது. அந்த இளையபெருமாள் கூட ஏற்காடு போயிட்டு வந்துட்டாரு. நான் ஒரு நாள் கோயிலுக்குப் போவோமான்னு கேட்டேன். எண்ணெய்த் தலையோட சீட்டுல சாயாதேன்னாரு.”

“அதனால ரேடியேட்டர்.”

“காரை ஒண்ணும் பண்ணலங்க. அது தூரமா போகக் கூடாது, அவ்வளவுதான். போயிட்டு வந்து, சூடு ஆறினதும் தண்ணி பாக்க மூடியைத் திறந்து வெச்சிட்டு, சுத்திப் போடச் சொல்லிட்டுக் குளிக்கப் போவாரு. மிளகாயை அடுப்புல போட்டேன். உப்பை அதுல போட்டேன்.” அவர் குரலில் இப்போது அழுகை இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. “காருக்கு எவன் கண்ணு போடறான்னு ஊர் பூரா சந்தேகப்படுவாரு. சுத்திப் போடறவ கண்ணைப் பத்தி ஒரு நாள் யோசிச்சதில்லிங்க. கட்டுனவளுக்கு ஒரு காரைப் பாத்துப் பொறாமை வரும்னு அவருக்குத் தோணவே இல்ல!”

அக்கா அஸ்ஃபாக்கைப் பற்றிச் சொன்னார். வீடியோவைப் பற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி, அப்பனை மாமா என்று கூப்பிட்ட குழந்தையைப் பற்றி.

“வீடியோ போட்டாரா?” சிந்தாமணி திடுக்கிட்டார். “எனக்குத் தெரியாதுங்க. எங்கிட்ட யாரு சொல்றா?”

“உங்க வூட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை போனா ராத்திரி வந்துடறாரு. அஸ்ஃபாக் துபாய் போனா எப்ப வருவான்னு அவன் பொண்டாட்டிக்குத் தெரியாதும்மா.”

சிந்தாமணி அடுப்பை அணைத்தார். நேராகப் போர்டிகோவுக்குப் போனார். காரின் சீட்டில் கிடந்த கணவரின் போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, வாயருகே வைத்துக்கொண்டார். வைத்திலிங்கம் தடுப்பதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“எல்லாருக்கும் வணக்கம். நான் வைத்திலிங்கம் சம்சாரம் சிந்தாமணி பேசறேன். ரெண்டு ரேடியேட்டர்லயும் உப்பைப் போட்டு ஓட்டையாக்குனது நான். எனக்கு அந்தக் காரைப் பாத்தா பொறாமை. அஸ்ஃபாக் தம்பி வேலையில ஒரு குத்தமும் இல்ல. அவர்கிட்ட வண்டியைத் தைரியமா விடுங்க.”

அனுப்பிவிட்டுப் போனை வைத்திலிங்கத்தின் கையில் வைத்தார்.

அஸ்ஃபாக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிக்கொண்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். இளையபெருமாள் வாயில் போட்ட சிப்ஸை மெல்ல மறந்து போனான். நான் வைத்திலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு அறை விழும், அல்லது ஒரு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் காரின் திறந்த வாய்க்குள் தலையை விட்டார்.

“அஸ்ஃபாக், உப்பு எஞ்சினுக்குள்ள போயிருக்குமா?”

போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. குரூப்பிலிருந்து ஒவ்வொருவராகப் பதில் போட்டார்கள். அவர் வாய்விட்டுப் படித்தார். “ ‘அண்ணே, எஞ்சின் பிளாக் தப்பிச்சுதா?’ ‘உடனே நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க.’ ‘வாட்டர் பம்ப்பைக் கழட்டிப் பாருங்க.’ ‘கேஸ்கெட் போயிருக்கப் போவுது, ஜாக்கிரதை...’ ” ஒவ்வொன்றுக்கும் பதில் தட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேரில் ஒருவர்கூட ‘அண்ணி எப்படி இருக்காங்க’ என்று கேட்கவில்லை.

“கழுவிடலாம்ணே. எஞ்சின் இரும்புதான், அவ்வளவு சீக்கிரம் போவாது,” என்றான் அஸ்ஃபாக் எழுந்து நின்று. “அதை நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அண்ணியைப் பாருங்க.”

வைத்திலிங்கம் நிமிர்ந்தார். “சிந்தாமணி?”

அடுப்படியில் யாரும் இல்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் கட்டைப்பையோடு ஒரு உருவம் நின்றது. ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ் வந்து நின்று, அந்த உருவத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

“ஏய், சிந்தாமணி!”

மனுஷன் காருக்குள் பாய்ந்து சாவியைத் திருகப் போனார். அஸ்ஃபாக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, ரேடியேட்டரே இல்லண்ணே! தண்ணி இல்லாம ஓட்டுனா சூட்டுல எஞ்சின் இறுகிக் கட்டிக்கும்!”

வைத்திலிங்கம் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். “கட்டிக்கட்டும்!” என்று கத்தினார்.

“காரு தூரம் போகாது சார். அழகேசா, வண்டியை எடு,” என்றார் பஞ்சவர்ணம் அக்கா.

என் டி.வி.எஸ். அன்றைக்குப் போன வேகத்தில் அதற்கு முன்னாலும் போனதில்லை, பின்னாலும் போகப் போவதில்லை. முந்திரி வியாபாரி வைத்திலிங்கம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “விரட்டு தம்பி, விரட்டு,” என்று புலம்பிக்கொண்டு வந்தார். ஒரு வேட்டி நுனி சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. அவர் கவனிக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடித்தோம். பின்வாசல் வழியாக ஏறினார். நானும் படிக்கட்டில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தேன்.

சிந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

கண்டக்டர் வந்துவிட்டார். “எங்க சார் போகணும்?”

அவருக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கண்டக்டர் மறுபடியும், “எங்க போறீங்கன்னு சொல்லுங்க சார்,” என்றார்.

“இவங்க... இவங்க எங்க போறாங்களோ, அங்க.”

சிந்தாமணி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் குரல் வந்தது.

“ஜெயங்கொண்டம்தாங்க. எனக்குப் பொம்பளைங்க ஃப்ரீ டிக்கெட். அவருக்கு மட்டும் ஒரு டிக்கெட் குடுங்க.”